சுறாவா, உழுவையா? புரட்டிப் பார்த்துப் பிரிக்கும் முறை

ஏலத் தரையில் ஒரு மீட்டர் நீளத்தில் இரண்டு சாம்பல் நிற மீன்கள் கிடக்கின்றன. இரண்டுக்கும் கூர்மூஞ்சி, முதுகில் இரண்டு துடுப்பு, பின்னால் சுறா வால். ஒன்று பால் சுறா. மற்றது உழுவை. உழுவை சுறா இனமே இல்லை, திருக்கை இனம். நின்றபடி மேலிருந்து பார்த்துவிட்டுப் போகிறவர் குறிப்பேட்டில் இரண்டையும் 'சுறா' என்று எழுதிவிடுவார். பிறகு அந்தக் கணக்கை யாராலும் திருத்த முடியாது, ஏனென்றால் மீன் அதற்குள் வெட்டுக்கட்டைக்குப் போயிருக்கும்.

ஊர்ப் பெயரை நம்பிப் பிரிக்கவும் வழியில்லை. நீண்ட ரம்பக் கொம்போடு வரும் வேளாவை 'வேளா சுறா' என்கிறோம், அது திருக்கை இனம். திமிங்கலச் சுறாவை 'அம்மணி உழுவை' என்பார்கள், அது அசல் சுறா. போதாததற்கு ஆற்று முகத்துவாரத்தில் கிடைக்கும் சின்ன உளுவை மீன் வேறு இருக்கிறது. அதற்கு 'ளு', இதற்கு 'ழு'. பேச்சில் இரண்டும் ஒன்றாகக் கேட்பதால், தொலைபேசியில் தகவல் வாங்கி எழுதுகிறவர்கள் 'எந்த உழுவை, எவ்வளவு நீளம்' என்று இன்னொரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

ஆகவே பெயரை ஒதுக்கிவிட்டு உடம்பைப் பார்ப்போம். மாதிரிக்குப் பால் சுறாவையும், முதுகுப்பக்கம் வெள்ளைப் புள்ளி சிதறிய பெரிய உழுவையையும் எடுத்துக்கொள்கிறோம். அறிவியல் பெயரில் முன்னது ரைசோபிரியோனோடான் அக்யூட்டஸ், பின்னது ரிங்கோபேட்டஸ் ஆஸ்ட்ரேலியே. தமிழகக் கரையில் குழப்பம் வருவது பெரும்பாலும் இந்த இரண்டு வகைக்கு நடுவில்தான்.

கையில் இருக்க வேண்டியவை

நீளாத நாடா அல்லது அளவுகோல் பலகை, தடித்த ரப்பர் கையுறை, ஈரம் பட்டாலும் அழியாத பென்சில், எண் எழுதிய பிளாஸ்டிக் சீட்டு, கைபேசி. தையற்காரர் நாடா வேண்டாம். நனைந்து உலர்ந்து நனைந்து ஓரிரு மாதத்தில் அது நீண்டுவிடும். கண்ணாடி இழை நாடாவோ எஃகு நாடாவோ போதும்.

தொடுவதற்கு முன் மீன் செத்துவிட்டதா என்று பாருங்கள். அசையாமல் கிடக்கும் சுறாவுக்கும் வாயருகே விரல் போனால் கவ்வும் வேகம் மிச்சம் இருக்கலாம். குவியலில் சாட்டை வால் திருக்கை கலந்திருந்தால் அதன் வால் முள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். உழுவைக்கு விஷ முள் இல்லை. வட்டமாக, வழவழப்பாக, கட்டையான வாலில் இரண்டு துடுப்போடு ஒரு சின்னத் திருக்கை உயிரோடு கிடந்தால் வெறுங்கையால் எடுக்க வேண்டாம். அது மின்திருக்கையாக இருந்தால் கை உதறிப்போகும்.

முதல் வேலை: மல்லாத்துங்கள்

இந்த ஒரு வேலையிலேயே சந்தேகம் தீர்ந்துவிடும். மீனை மல்லாத்தி, வாய்க்குப் பின்னால் செவுள் பிளவுகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்.

பால் சுறாவில் அடிப்பக்கம் வெறுமையாக இருக்கும். ஐந்து பிளவுகளும் கழுத்தின் பக்கவாட்டில், மார்புத் துடுப்புக்குச் சற்று முன்னால், நின்றவாக்கில் கீறிவிட்டது போல வரிசையாக இருக்கும். உழுவையில் பக்கவாட்டில் ஒன்றும் கிடையாது. ஐந்து ஜோடிப் பிளவுகளும் வெளுத்த அடிப்பக்கத்தில், வாய்க்குப் பின்னால் இடமும் வலமுமாக இரண்டு வரிசையில் இருக்கும். பிளவு பக்கத்தில் இருந்தால் சுறா, வயிற்றுப் பக்கத்தில் இருந்தால் திருக்கை. இந்த விதிக்கு விலக்கு இல்லை. ஆறு, ஏழு பிளவுள்ள ஆழ்கடல் சுறாக்களிலும் எண்ணிக்கைதான் கூடுகிறது, இடம் மாறுவதில்லை.

இங்கே தவறு நேர்வது ஒரே ஒரு காரணத்தால்: மல்லாத்தச் சோம்பல். நாற்பது ஐம்பது கிலோ உழுவையைப் புரட்டுவது சுலபம் இல்லைதான். முழுதாகப் புரட்ட முடியாவிட்டால் தலையை மட்டும் ஒரு சாண் தூக்கி, கைபேசியை அடியில் நீட்டி ஒரு படம் எடுங்கள், போதும். ஐஸ் குவியலில் மண்ணும் சளியும் அப்பியிருந்தால் ஒரு குவளை கடல்நீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் பாருங்கள். மடிந்த தோல் சுருக்கத்தைப் பிளவு என்று எண்ணிவிடுவதும் உண்டு. பிளவுக்குள் விரல்நுனி போகும், சுருக்கத்தில் போகாது.

மார்புத் துடுப்பு எங்கே ஒட்டுகிறது

சுறாவின் மார்புத் துடுப்பு விமான இறக்கை மாதிரி உடம்பின் பக்கத்தில் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். அதன் முன்விளிம்பைப் பிடித்து உடம்போடு சேரும் இடம்வரை விரலை ஓட்டினால், செவுளை ஒட்டியோ அதற்குப் பின்னாலோ போய் முடியும். உழுவையில் அதே விரல் செவுள் பிளவுகளைத் தாண்டி முன்னே போய்க்கொண்டே இருக்கும். துடுப்பு தலையின் பக்கவாட்டோடு ஒட்டி வளர்ந்திருப்பதுதான் காரணம். தலையும் துடுப்பும் சேர்ந்து முன்பக்கம் ஒரு ஆப்பு வடிவம் வருவதும் இதனால்தான். சாதாரணத் திருக்கையில் இந்த ஒட்டு மூஞ்சிவரை போய் முழுத் தட்டாகிவிடுகிறது. உழுவை பாதி வழியில் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

உழுவை நீந்துவது மட்டும் சுறாவைப் போல வாலை வீசித்தான். திருக்கை தட்டின் ஓரத்தை அலை அலையாக ஓட்டி நீந்தும். எனவே நீருக்குள் எடுத்த காணொளியில் நீச்சலை வைத்து இனம் சொல்லாதீர்கள்.

அடித் துடுப்பும் முதுகுத் துடுப்பும்

மல்லாந்து கிடக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடலாம். மலவாய்க்கும் வாலுக்கும் நடுவில், அடிக்கோட்டில் ஒற்றையாக ஒரு சின்னத் துடுப்பு இருக்கிறதா? பால் சுறாவில் இருக்கும். உழுவையிலும் மற்ற எந்தத் திருக்கையிலும் இருக்காது.

ஆனால் இதைத் தலைகீழாக்கி 'அடித் துடுப்பு இல்லை, ஆகவே திருக்கை' என்று முடிவு கட்டக் கூடாது. ஆழ்கடலில் தூண்டிலுக்கு வரும் பெரிய பச்சைக் கண் சுறாக்களில் பல வகைக்கு அடித் துடுப்பு கிடையாது. ஈரலெண்ணெய்க்காகத் தேடிப் பிடிக்கப்படுபவை இவைதான். குமரி மாவட்டத் தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகுகளின் பிடியைப் பதிவு செய்கிறவர்களுக்கு இந்த எச்சரிக்கை முக்கியம். செவுள் பிளவைப் பார்த்த பிறகுதான் இந்த அடையாளம் பேசும்.

இனி குப்புறப் போட்டுவிட்டு முதுகைப் பாருங்கள். பால் சுறாவின் முதல் முதுகுத் துடுப்பு பெரிது. மார்புத் துடுப்பின் பின்முனைக்கு நேர் மேலே, அதாவது உடம்பின் முன்பாதியில் எழும். இரண்டாவது துடுப்பு மிகச் சின்னது, அடித் துடுப்பு தொடங்கும் இடத்துக்கும் பின்னால் தள்ளி நிற்கும். உழுவையில் இரண்டு முதுகுத் துடுப்பும் நல்ல உயரம், இரண்டும் கூர்நுனி. முதலாவது இடுப்புத் துடுப்புக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலேயோ தொடங்கும்.

இடம் பிடிபட ஒரு வழி: முதல் முதுகுத் துடுப்பின் அடியிலிருந்து ஒரு குச்சியைச் செங்குத்தாகக் கீழே நிறுத்துங்கள். குச்சி மார்புத் துடுப்புப் பக்கம் விழுந்தால் பால் சுறா. இடுப்புத் துடுப்பின் மேல் விழுந்தால் பெரிய உழுவை. இடுப்புத் துடுப்பையும் தாண்டி வால் பக்கம் விழுந்தால் அது வேறு உழுவை. மூஞ்சி நீண்டு, உடம்பு இன்னும் தட்டையாக, வாலில் கீழ்மடல் (வால் துடுப்பின் கீழ்ப்பாதி) இல்லாமல் இருக்கும் குளோக்கோஸ்டீகஸ் வகை அது. இந்த இரண்டு உழுவைகளையும் ஒரே வரியில் எழுதிவிடுவதுதான் பதிவேடுகளில் அதிகம் கண்ணில் படும் பிழை. பெரிய உழுவையின் வாலுக்குக் கீழ்மடல் தெளிவாக உண்டு. வாலைப் பார்த்தாலே பிரித்துவிடலாம்.

தலை

உழுவையின் கண்ணுக்கு ஒட்டினாற்போல் பின்னால் ஒரு பெரிய துளை இருக்கும். அதுதான் மூச்சுத்துளை. மணலில் வயிறு புதைந்து கிடக்கும்போது வாய் வழியாக நீர் இழுத்தால் மண்ணும் சேர்ந்து வரும். அதனால் மேல் துளை வழியாக இழுத்து, அடியிலுள்ள செவுள் வழியாக விடுகிறது. துளையின் பின்விளிம்பில் இரண்டு சின்ன மடிப்பு தெரியும். பால் சுறாவில் இந்தத் துளையே இல்லை. எல்லாச் சுறாவுக்கும் இப்படி என்று சொல்ல முடியாது. புலிச் சுறாவுக்கு ஊசித்துளை போல உண்டு, பாறையோரத்துச் சுறா சிலவற்றுக்குப் பெரிதாகவே உண்டு.

வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள், குச்சியால் திறங்கள். பால் சுறாவின் பல் ஒல்லியாக, வாயோரம் பார்த்துச் சாய்ந்த கத்தி. உழுவையின் தாடையில் தனித்தனிப் பல்லே தெரியாது. மொட்டையான சின்னப் பற்கள் நெருங்கி, தளவரிசைக் கல் பதித்தது போல, தாடை முழுவதும் மேடும் பள்ளமுமாக அலையடிக்கும். நண்டு, இறால், சிப்பி நொறுக்குவதற்கான வாய் அது.

பால் சுறா என்று உறுதி செய்ய வாயோரத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு ஓரத்திலும் நீளமான உதட்டுக் கீறலும், அதற்குச் சற்று மேலே வரிசையாகப் பெரிய துளைகளும் இருக்கும். குட்டி நிலையில் பல சுறா வகைகள் ஒரே சாம்பல் நிறத்தில் வருவதால் நிறத்தை வைத்துப் 'பால் சுறா' என்று எழுதுவதைவிட 'சுறா, வகை தெரியவில்லை' என்று எழுதுவது ஆயிரம் மடங்கு மேல்.

கை வைத்துப் பார்க்கும் சோதனையும் உண்டு. சுறாவைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கும், வாலிலிருந்து தலைக்குத் தடவினால் உப்புத்தாள் மாதிரி அறுக்கும். உழுவையின் நடுமுதுகுக் கோட்டிலும் தோள்பட்டையிலும் தடவினால் சின்னச் சின்ன முள்மேடுகள் விரலில் தட்டும். முதுகுப்பக்கம் மார்புத் துடுப்பு உடம்போடு சேரும் இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டும் அதைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகளும் இருந்தால் பெரிய உழுவை என்பது இன்னும் உறுதி. வயதான பெரிய மீனில் கறுப்புப் பொட்டு மங்கிவிடும். ஐஸில் இரண்டு நாள் கிடந்ததில் வெள்ளைப் புள்ளியும் போய்விடும். புள்ளி இல்லை என்பதற்காகப் பெயரை மாற்றாதீர்கள்.

ஏமாற்றும் சில மீன்கள்

வேளாவைப் பற்றி முதலிலேயே சொன்னோம். சங்கப் பாட்டில் பரதவர் சுறவுக்கோடு நட்டு வழிபட்ட செய்தி வருகிறது. 'கோடு' உள்ள சுறா என்றால் அது வேளாவாகத்தான் இருக்க வேண்டும். ஆக, இந்தப் பெயர்க் குழப்பத்துக்கு வயது ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு. புரட்டிப் பார்த்தால் செவுள் அடியில் இருக்கும். உலகின் வேறு கடல்களில் ரம்பச் சுறா என்று இன்னொன்று உண்டு. அதற்குச் செவுள் பக்கத்தில் இருக்கும், ரம்பத்தின் நடுவில் மீசை போல இரண்டு இழை தொங்கும், ரம்பப் பல் பெரிதும் சிறிதும் மாறி மாறி வரும். வேளாவுக்கு மீசையும் இல்லை, பல்லும் ஏறக்குறைய ஒரே அளவு.

வட்டமூஞ்சி உழுவை, அறிவியல் பெயர் ரைனா அன்சைலோஸ்டோமா, இன்னும் மோசமாக ஏமாற்றும். மொத்தமான உடம்பு, உயர்ந்த துடுப்பு, கண்ணுக்கு மேலும் தோளிலும் தடித்த முள்வரிசை. தூரத்தில் பார்த்தால் சுறா என்றுதான் சத்தியம் செய்வீர்கள். செவுள் அடியில்தான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அட்லாண்டிக்கின் கேனரித் தீவுகள் பக்கம் பேர்பெற்ற தேவதைச் சுறா, திருக்கை போலவே தட்டையாக மணலில் படுத்திருக்கும். ஆனால் அதன் மார்புத் துடுப்பு தலையோடு ஒட்டவில்லை, செவுள் தலையின் பக்கத்தில் இருக்கிறது. தட்டை என்பது வாழ்கிற இடத்துக்கு ஏற்ற உருவம். இனத்தைச் சொல்லும் அடையாளம் அது இல்லை.

அளக்கும்போது

எந்த மீனுக்கு எந்த அளவு என்பதில்தான் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள். சாட்டை வால் திருக்கைக்கு நீளம் எடுப்பதில் பயன் இல்லை, வால் பாதியில் அறுந்திருக்கும். அதற்குத் தட்டின் அகலம், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. உழுவையும் திருக்கைதானே என்று அதற்கும் அகலம் மட்டும் எடுத்து வந்தால் அந்த எண் யாருக்கும் உதவாது. உழுவைக்குச் சுறாவைப் போல முழு நீளம் எடுக்க வேண்டும்.

முழு நீளம் எடுக்கும் விதம்: மீனைச் சமதரையில் குப்புறப் போடுங்கள். மூஞ்சி நுனியில் நாடாவின் சுழியம். நாடா தரையோடு நேராக ஓடவேண்டும், உடம்பின் மேல் வளைந்து ஏறக் கூடாது. வயிறு பெருத்த சினைச் சுறாவில் உடம்பின் மேல் நாடா ஓட்டினால் சில செ.மீ. கூடிப்போகும். கடைசியில் வாலின் மேல்மடலைப் பிடித்து உடம்புக் கோட்டுக்கு நேராக நீட்டி, அதன் நுனியில் அளவு படியுங்கள். மடலை நீட்டாமல் இயல்பாக விட்டு அளக்கும் பழக்கமும் உண்டு. இரண்டில் எது என்று தாளின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள், நாளுக்கொன்றாக மாற்றாதீர்கள்.

வால் அறுந்த மீன் வந்தால் நீளத்தை ஊகித்து எழுத வேண்டாம். மூஞ்சியிலிருந்து முதல் முதுகுத் துடுப்பின் தொடக்கம் வரை ஒரு அளவு எடுத்து, 'வால் இல்லை' என்று குறித்தால் போதும்.

எண்கள் சரிதானா என்று ஒப்பிட: பால் சுறா பிறக்கும்போது ஏறத்தாழ 25 முதல் 39 செ.மீ., 70 முதல் 80 செ.மீ. வாக்கில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும். கரைக்கு வருவதில் பெரும்பாலானவை ஒரு மீட்டருக்குள். பெரிய உழுவை பிறக்கும்போதே அரை மீட்டர் அளவு இருக்கும், மூன்று மீட்டர் வரை வளரும். ஆண் 1.1 மீட்டராவது தாண்டினால்தான் முதிரும், பெண்ணுக்கு இன்னும் கூடுதல் நீளம் வேண்டும். ஆகவே ஒரு மீட்டர் பால் சுறா முழு வளர்ச்சி பெற்ற மீன், பக்கத்தில் கிடக்கும் ஒரு மீட்டர் உழுவை இன்னும் குட்டி போடாத இளசு. ஒரே நீளத்தில் கிடக்கும் இரண்டையும் 'சுறா' என்று ஒரே வரியில் எழுதினால் மறைந்துபோவது இந்த வித்தியாசம்தான்.

ஆணா, பெண்ணா, முதிர்ந்ததா

சுறாவிலும் திருக்கையிலும் ஆணுக்கு இடுப்புத் துடுப்பின் உள்விளிம்பில் விரல் போல இரண்டு உறுப்பு நீண்டிருக்கும், பெண்ணுக்கு இருக்காது. குட்டி ஆணில் அது சின்னதாக, துடுப்போரத்தைத் தாண்டாமல் இருப்பதால் பெண் என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. துடுப்பை விலக்கிப் பாருங்கள். அழுத்தினால் வளைந்து கொடுத்தால் முதிரவில்லை. எலும்பு போலக் கெட்டியாகி, அடியிலிருந்து முன்பக்கமாகத் திருப்பினால் திரும்பினால் முதிர்ந்த ஆண்.

வயிறு கிழித்த மீன் கிடைத்தால் ஒப்பீடு இன்னும் சுவையானது. பால் சுறாவின் கருப்பையில் குட்டிகள் தொப்புள்கொடியோடு இருக்கும். கொடியின் மறுமுனை நஞ்சுக்கொடியாகக் கருப்பைச் சுவரில் ஒட்டியிருக்கும், பாலூட்டிகளைப் போல. ஒரு ஈற்றுக்கு 1 முதல் 8 வரை குட்டி. அதனால்தான் பிறந்து சில நாளான சுறாக்குட்டியைப் புரட்டினால், மார்புத் துடுப்புகளுக்கு நடுவில் ஆறாத தொப்புள் வடு ஒன்று தெரியும். அப்படிப்பட்ட குட்டிகள் ஒரே வலையில் நிறைய வந்தால், அந்த இடத்தைக் குட்டி போடும் பகுதி என்று குறித்து வைக்கலாம். உழுவையும் குட்டிதான் போடும், ஆனால் நஞ்சுக்கொடி கிடையாது, குட்டி கருப்பைக்குள் தன் மஞ்சள்கருப் பையிலிருந்து ஊட்டம் பெற்று வளர்கிறது. சாட்டை வால் திருக்கையில் கருப்பைச் சுவரிலிருந்து முடி முடியாகத் தொங்கும் திசு ஒருவகைப் பால் சுரந்து குட்டிக்கு ஊட்டும். கிழித்தவுடன் வழியும் அந்த வெளிறிய நீரைச் சீழ் என்று எண்ணி மீனைக் கழித்துவிட வேண்டாம்.

படம் எடுப்பது

நான்கு படம் போதும்: முழு முதுகு, முழு வயிறு, தலையின் அடிப்பக்கம் கிட்டத்தில், பக்கவாட்டு முழு உடல். சீட்டும் அளவுகோலும் மீனுடன் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். மீனின் மேல் வைத்தால் அளவுகோல் பெரிதாகத் தெரியும். கைபேசியின் அகலக்கோண வில்லை ஓரங்களை இழுத்துவிடும். ஒரு மீட்டர் மீனுக்கு நேர் மேலே கையை உயர்த்தி, சாதாரண வில்லையில் எடுங்கள். ஈரத்தோல் பளபளத்தால் உங்கள் நிழலை மீன் மேல் விழச் செய்யுங்கள்.

படத்தைப் பார்த்து இனம் சொல்லும்படி கேட்கிறவர்கள் முதுகுப் படம் ஐந்தாறு அனுப்புவார்கள், வயிற்றுப் படம் ஒன்றுகூட இருக்காது. ஒரே ஒரு படம்தான் முடியும் என்றால் தலையின் அடிப்பக்கத்தை அனுப்புங்கள்.

வெட்டிய துண்டில்

திருக்கையின் இறக்கைத் துண்டு எளிது: நடுவில் சீப்பு போலக் குருத்தெலும்புக் கம்பிகள் வரிசையாக ஓட, மேலும் கீழும் சதை இழை இழையாகப் பிரியும். சுறாத் துண்டு வட்டம், நடுவில் வட்டமான முதுகெலும்பு. சிக்கல் உழுவையின் வால்பகுதித் துண்டில். அதுவும் வட்டம், அதற்கும் நடுவில் முதுகெலும்பு. தலையை ஒட்டிய துண்டு கிடைத்தால் பிரிக்கலாம். சுறாவில் அங்கும் முதுகெலும்பு தனித்தனி வில்லையாக இருக்கும். திருக்கை இனத்தில் தலைக்குப் பின்னால் முதல் சில எலும்புகள் ஒன்றாக உருகிக் குழாய் ஆகிவிட்டிருக்கும், கத்தியால் வில்லை வில்லையாகப் பிரிக்க வராது. வால் துண்டு மட்டும் இருந்தால் கண்ணால் முடிவு சொல்லாதீர்கள். மரபணுச் சோதனைதான் வழி. அதற்கு விரல்நக அளவு சதையைத் தூய ஆல்கஹாலில் போட்டு வைத்தால் போதும்.

சுறா, திருக்கை இரண்டின் சதையிலும் யூரியா ஏறத்தாழ 2 சதவீதம் இருக்கும். கடலின் உப்புக்கு ஈடுகொடுக்க உடம்பு அதைத் தேக்கி வைக்கிறது. செத்த பிறகு கிருமிகள் அதை அமோனியாவாக்கும். மூக்கில் ஏறும் அந்த வாடை இனத்தைச் சொல்லாது, எத்தனை நேரம் ஐஸ் இல்லாமல் கிடந்தது என்பதைத்தான் சொல்லும். படகிலேயே இரத்தம் வடித்து, குடல் நீக்கி, மீனின் எடைக்குச் சம எடை ஐஸ் போட்டால் வாடை வராது. வந்துவிட்ட பிறகு புளித்தண்ணீரில் ஊறவைத்தால் வாடைதான் குறையும், கெட்டது கெட்டதுதான். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாப் புட்டு செய்யக் கேட்டு வாங்குகிறவர்கள் துண்டை மோந்து பார்த்தே வாங்குங்கள்.

சட்டம் எங்கே குறுக்கிடுகிறது

இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் சுறா, திருக்கை இனங்கள் பத்து சேர்க்கப்பட்டன. திமிங்கலச் சுறாவும் வேளாக்களும் ஒரு பெரிய உழுவையும் அதில் அடக்கம். 2022 திருத்தத்தில் பட்டியல் நீண்டது. பெரிய உழுவைகளும் குளோக்கோஸ்டீகஸ் வகையும் 2019-ல் அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் (CITES) இரண்டாம் பட்டியலில் ஏறின. சுறாப் பீலி (துடுப்பு) ஏற்றுமதிக்கு இந்தியா 2015-ல் முழுத் தடை போட்டது. அதற்கு முன் 2013-லேயே, பீலியை அறுத்துக்கொண்டு உடம்பைக் கடலில் வீசக் கூடாது, துடுப்பு உடம்போடு ஒட்டியே கரைக்கு வர வேண்டும் என்ற விதி வந்துவிட்டது.

2001 பட்டியலில் இருந்த உழுவைப் பெயர் ரிங்கோபேட்டஸ் ஜிடென்சிஸ். அந்த இனம் செங்கடல் முதல் தென்னாப்பிரிக்கா வரையிலான மேற்கு இந்தியப் பெருங்கடலுக்கு உரியது. நம் கரையில் வருபவை அதன் நெருங்கிய உறவுகள். 'பட்டியலில் உள்ளது இது இல்லை' என்று ஏலத்தில் வாதம் எழுவது இதனால்தான். கண்ணால் பார்த்து இந்த உறவுகளைப் பிரிப்பது வல்லுநருக்கே கடினம், பிடித்தவர் அந்த வாதத்தில் இறங்க வேண்டியதில்லை. முதல் முதுகுத் துடுப்பு இடுப்புக்கு மேல், வாலில் கீழ்மடல், செவுள் அடியில்: இந்த மூன்றும் இருந்தால் பாதுகாக்கப்பட்டது என்றே வைத்துக்கொண்டு, மீன்வளத் துறையிடமோ வனத்துறையிடமோ கேட்ட பிறகு கை வையுங்கள். முதல் அட்டவணைக் குற்றத்துக்குச் சிறை 3 முதல் 7 ஆண்டு. பெரிய உழுவை இனங்களில் ஒன்றைத் தவிர மற்றவை அனைத்தும் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் அழிவின் விளிம்பில் உள்ளவை. பால் சுறாவும் இப்போது அதே பட்டியலில், அதைவிட இரண்டு படி குறைந்த நிலையில், அழிவாய்ப்பு உள்ளதாக இருக்கிறது.

உயிரோடு வந்தால்

உழுவை வலையிலிருந்து உயிரோடு வருவது அபூர்வம் இல்லை. மூச்சுத்துளை வழியாக நீர் இழுக்கத் தெரிந்ததால், ஓடிக்கொண்டே மூச்சு வாங்கும் சுறாக்களைவிடத் தாக்குப் பிடிக்கும். தூக்கும்போது வாலை மட்டும் பிடித்துத் தொங்கவிடாதீர்கள், முதுகெலும்பு இழுபடும். மூச்சுத்துளையிலோ செவுளிலோ விரல் விட்டுத் தூக்குவது கொல்வதற்குச் சமம். ஒருவர் மார்புத் துடுப்புகளுக்கு அடியிலும் ஒருவர் வாலடியிலும் கை கொடுத்து, முடிந்தால் நனைத்த சாக்கில் ஏந்தித் தூக்குங்கள். வலை சுற்றியிருந்தால் வலையை அறுங்கள். படம் எடுப்பதானால் ஒரே ஒன்று, தலை நீரை நோக்கி இருக்கும்போதே எடுத்துவிட்டு, தலை முன்னாகச் சரியவிடுங்கள். வீச வேண்டாம்.

அதே வலையில் வந்த சாட்டை வால் திருக்கை குத்திவிட்டால்: காயத்தைக் கழுவி, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில், 45 டிகிரியைத் தாண்டாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலையோ கையையோ முக்கி வையுங்கள். சூட்டில் விஷப் புரதம் கெட்டு வலி இறங்கும். சூட்டைக் குத்துப்படாத கையால் சோதித்துப் பாருங்கள், குத்துப்பட்ட இடத்துக்குச் சூடு சரியாகத் தெரியாமல் வெந்துவிடும். மேலாகத் தெரியும் முள்துண்டை எடுக்கலாம். மார்பு, கழுத்து, வயிறு என்றால் முள்ளைப் பிடுங்காமல் அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். முள்ளின் ஓரத்தில் பின்னோக்கிய ரம்பப் பல் இருப்பதால் பிடுங்கினால் உள்ளே கிழித்துக்கொண்டே வரும். எங்கே குத்தியிருந்தாலும் தனுர்வாத ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.